ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஓவியக்கூடத்தில் எப்படிப் பார்ப்பது, எதைக் கேட்டு வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு நாள் தங்கப்போகிறீர்கள். பூர்வகுடி மக்களின் பாலைவன ஓவியங்களைப் பார்க்க ஆசை. படங்களில் பார்த்தவரை எல்லாம் புள்ளி புள்ளியாக, நம் வாசல் கோலம் மாதிரி, ஒன்றுபோலவே தெரிகின்றன. வட்டத்துக்கு இன்ன பொருள், வளைகோட்டுக்கு இன்ன பொருள் என்று ஓர் அட்டவணை கிடைத்தால் போதுமா? பிடித்தால் ஒன்றை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவரலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் பல கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: வெளியாளான எனக்கு இதில் எவ்வளவு புரியும், என் கண்முன் வைக்கப்படுவது உண்மையானதா? இரண்டுக்கும் ஒரே சாவி உண்டு. எந்தப் படத்தின் முன் நின்றாலும், ‘இது எந்த இடம், அந்த இடத்தை வரைய இவருக்கு உரிமை எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். பார்ப்பதற்கும் அதுவே வழி, வாங்குவதற்கும் அதுவே வழி.

முதலில் கோலத்தைப் பற்றி. தமிழர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் கண்ணைத் தவறான பக்கம் இழுத்துவிடும். புள்ளிக் கோலத்தில் புள்ளி முதலில் வரும். கோடு அதைச் சுற்றியோ இணைத்தோ போகும். இங்கே வரிசை தலைகீழ். கேன்வாஸுக்குக் கறுப்போ செம்மண் நிறமோ அடிப்பூச்சு கொடுப்பார்கள். அதன்மேல் வட்டம், பாதை, தடம் ஆகிய உருவங்கள் வரும். புள்ளி கடைசியில்தான், உருவங்களின் ஓரத்தைத் தழுவி, நடுவிலுள்ள வெளியை நிரப்பும். கோலத்தோடு உண்மையான ஒற்றுமை ஒன்று உண்டு: இரண்டும் தரையில் பிறந்தவை. பாலைவனத்தில் பெண்கள் மணலில் விரலால் வரைந்துகொண்டே கதை சொல்வார்கள். சடங்குகளில் தரை முழுவதும் ஓவியமாகும். உடம்பிலும் கோடுகள் ஏறும். அந்தப் பழக்கம் கேன்வாஸிலும் தொடர்கிறது. துணியைத் தரையில் விரித்து, பக்கத்திலோ மேலேயோ உட்கார்ந்து, திருப்பித் திருப்பி வரைகிறார்கள். அதனால் பெரும்பாலான படங்களுக்கு மேல், கீழ் என்பதே இல்லை. சுவரில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ, அது மாட்டியவர் எடுத்த முடிவு. மேலிருந்து நிலத்தைப் பார்ப்பதுபோல மனத்தைத் திருப்பிக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிட்டீர்கள்.

வரலாற்றிலிருந்து சிலவற்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலைவன ஓவியம் என்றால் புள்ளி மட்டும் இல்லை. அதற்கு முன்பே ஹெர்மன்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் நமட்ஜிரா (1902–1959) நீர்வண்ணத்தில் தன் நாட்டு மலைகளையும் வெள்ளைத்தண்டு மரங்களையும் வரைந்து புகழ்பெற்றார். புள்ளி ஓவியம் என்று இன்று அறியப்படுவது கேன்வாஸுக்கு வந்த கதை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்புன்யாவில் தொடங்குகிறது. பல மொழிக் குழுக்களை அரசு ஒரே குடியிருப்பில் கொண்டுவந்து வைத்த ஊர் அது. 1971-இல் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். பாப்புன்யா அந்தத் தேன் எறும்புக்கு உரிய இடம். பிறகு கிடைத்த பலகைகளிலெல்லாம் வரையத் தொடங்கி, 1972-இல் பாப்புன்யா துலா ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தையே ஏற்படுத்தினார்கள். உட்டோப்பியா பகுதிப் பெண்கள் 1977 வாக்கில் பாத்திக் துணியில் ஆரம்பித்து, 1988-இல் கேன்வாஸுக்கு மாறினார்கள். யுவெண்டுமுவில் 1984-இல் பள்ளிக்கூடத்தின் 30 கதவுகளில் பெரியவர்கள் வரைந்தார்கள். மறு ஆண்டே வார்லுகுர்லாங்கு கலை மையம் அமைந்தது. ஆக மூன்று ஊர், மூன்று விதமான தொடக்கம். இவற்றை ஒரே ‘பாணி’ என்று சேர்த்துக் கட்டுவதால்தான் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன.

இனி அட்டவணை. கடைகளில் அச்சடித்த தாள் கிடைக்கும், அதில் இருப்பவை பெரும்பாலும் சரிதான். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருந்தால் நீர்நிலை, முகாம் அல்லது நெருப்பு. ‘U’ போன்ற வளைவு, மணலில் உட்கார்ந்து எழுந்தவர் விட்டுச்சென்ற பதிவு; அதாவது ஒரு மனிதர். பக்கத்தில் நேரான தடியும் நீள்வட்டமும் இருந்தால் அது தோண்டுகழியும் மரத்தட்டும், உட்கார்ந்திருப்பவர் பெண். ஈட்டி, பூமராங் இருந்தால் ஆண். மூன்று விரல் அம்புபோல இருப்பது ஈமுவின் கால்தடம். இரண்டு வட்டங்களை இணைக்கும் கோடு பயணப்பாதை. இவ்வளவும் உறுதி. தவறு எங்கே நேர்கிறதென்றால், இதை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம் என்று நம்பும்போது. அதே வட்டம் ஒரு படத்தில் கிணறாகவும், அடுத்ததில் மலையாகவும், மூன்றாவதில் பழமாகவும் வரும். ஒரே வட்டம் ஒரே படத்திலேயே இரண்டு மூன்று பொருளையும் தாங்கும். எது என்பதை வட்டம் சொல்லாது. வரைந்தவரும் அவருடைய இடமும்தான் சொல்ல முடியும். அதனால் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாகச் சுவரிலுள்ள விவரச் சீட்டைப் படியுங்கள். முதலில் பெயர். கடைசியில் வரும் சொல்லைப் பலரும் குடும்பப் பெயர் என்று நினைக்கிறார்கள். அது உறவுமுறைப் பிரிவின் பெயர். மேற்குப் பாலைவனத்துப் பிந்துபி மக்களிடம் எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று 16 பெயர்கள். ஆண் பெயர்கள் ‘ஜ’ ஒலியிலும் பெண் பெயர்கள் ‘ந’ ஒலியிலும் தொடங்கும்: ஜாப்பல்ஜாரியின் சகோதரி நாப்பல்ஜாரி, ஜுங்குராயியின் சகோதரி நுங்குராயி. தகப்பனும் பிள்ளையும் ஒரே பிரிவில் வர மாட்டார்கள். புகழ்பெற்ற ஓவியர் கிளிஃபர்ட் பொசம் ஜாப்பல்ஜாரியின் மகள் கேப்ரியெல்லா பொசம் நுங்குராயி. யாரை மணக்கலாம், யாரிடம் ஒதுங்கி நடக்க வேண்டும், எந்த இடத்தின் மீது யாருக்குப் பொறுப்பு என்பதெல்லாம் இந்தப் பிரிவோடு பின்னியது. மாமன் மகளும் சிற்றப்பன் மகளும் ஒன்றில்லை என்று அறிந்து வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

பெயருக்கு அடுத்து இடமும் கதையும். கதை என்று நாம் சொல்வதை அவர்கள் ஜுக்குர்ப்பா என்கிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மண்ணுக்குரிய அர்ரென்டே மொழியில் அல்ச்சேர். ஆங்கிலத்தில் ‘கனவு’ என்று பெயர்த்துவிட்டதால், ஏதோ தூக்கத்தில் கண்டது என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆதி முன்னோர் நடந்து, சண்டையிட்டு, தண்ணீர் தேடி நிலத்தை உருவாக்கிய காலமும், அவர்கள் விட்டுச்சென்ற சட்டமும், இன்றும் அந்த இடத்தில் தொடரும் அவர்கள் இருப்பும் சேர்ந்ததுதான் அது. கிளிஃபர்ட் பொசம் 1977-இல் வரைந்த ‘வார்லுகுலோங்’ படத்தின் நடுக்கதை இது: இரண்டு மகன்கள் வேட்டையாடிய கங்காருவைத் தகப்பனோடு பகிர்ந்துகொள்ளவில்லை; நீலநாக்குப் பல்லியான தகப்பன் மூட்டிய காட்டுத்தீ அவர்களை விரட்டிக் கொன்றது. எலும்புக்கூடுகளாக அவர்கள் படத்தில் கிடக்கிறார்கள். அதே படத்தின் குறுக்கே வேறு பல முன்னோர்களின் தடங்களும் அவரவர் ஊர் நோக்கிப் போகின்றன. வரைபடம், சட்டம், புராணம் மூன்றும் ஒரே துணியில். கான்பெராவில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தில் அதைப் பார்க்கலாம்.

இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் வரைய முடியாது. யுவெண்டுமு பகுதியின் வார்ல்பிரி மக்களிடம், தகப்பன் வழியில் உரிமை பெற்றவர் கிர்டா. தாய் வழியில் வந்து அதைச் சரியாக நடத்திவைக்கும் காவலர் குர்துங்குர்லு. சொந்தக்காரர் வரைந்தாலும் காவலரின் கண் அதன்மேல் இருக்கும். இந்த உரிமை எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரே ஒரு சான்று. 1997-இல் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள், தங்கள் நிலம் தங்களுடையது என்று தீர்ப்பாயத்தில் நிறுவ வேண்டியிருந்தது. பேச்சு மொழிபெயர்ப்பில் சிதைந்தது. அதனால் சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஒரே கேன்வாஸை விரித்து, ஒவ்வொருவரும் தத்தம் நீர்நிலையை வரைந்தார்கள். பிறகு அவரவர் வரைந்த பகுதியின் மேலேயே ஏறி நின்று சாட்சி சொன்னார்கள். ங்குர்ராரா கேன்வாஸ் என்று அதற்குப் பெயர். 2007-இல் நில உரிமை அங்கீகரிக்கப்பட்டது. நம் ஊரில் பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் இருக்கும் மதிப்பை நினைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பாருங்கள்; அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

புள்ளி எதற்கு என்ற கேள்வியும் எழும். இங்கே உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1971, 72-இல் வந்த முதல் பலகைகள் சிலவற்றில் சடங்குப் பொருள்கள் வெளிப்படையாகவே வரையப்பட்டிருந்தன. பெண்களும் தீட்சை பெறாதவர்களும் பார்க்கக்கூடாதவை அவை. மற்ற ஊர்ப் பெரியவர்கள் கண்டித்தார்கள். ஓவியர்கள் அந்த உருவங்களை விலக்கினார்கள், புள்ளி பெருகியது. இதுவரை உறுதி. ‘புள்ளி என்றாலே ரகசியத்தை மறைக்கும் திரை’ என்று சில கடைக்காரர்கள் சொல்வது மிகைப்படுத்தல். சடங்குத் தரையிலும் உடம்பிலும் புள்ளி முன்பே உண்டு; கண் கூசும் மினுமினுப்புக்குப் புனித ஆற்றல் உண்டு என்ற எண்ணமும் உண்டு; வண்ணத்தின் மகிழ்ச்சியும் உண்டு. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சில படங்களின் சீட்டில், இது திங்காரி முன்னோர்களின் பயணம், இதற்கு மேல் சொல்ல இயலாது என்று மட்டும் இருக்கும். அங்கே நின்றுவிடுங்கள். வற்புறுத்திக் கேட்டால் ஊழியருக்குச் சங்கடம். உங்களுக்குச் சொல்லப்படாத பகுதி இருக்கிறது என்பதும் அந்தப் படத்தைப் பற்றிய தகவல்தான்.

பார்க்கும் முறை என்று எனக்குச் சரியாகப் படுவது இது. நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று ஒரு நிமிடம். பிறகு ஒரு கை நீளத்துக்கு வந்து, பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சம் படும்படி பாருங்கள். புள்ளி தட்டையாக இருக்காது. குச்சியை மேலே தூக்கும்போது எழுந்த சின்ன முனை அப்படியே காய்ந்து நிற்கும். மூங்கில் குச்சியின் நுனியையோ தூரிகையின் பின்பக்கத்தையோ வண்ணத்தில் தோய்த்து வைக்கிறார்கள். தோய்த்ததும் வரும் முதல் புள்ளி தடித்தது, அடுத்தடுத்தவை மெலிந்து வெளுக்கும், மறுபடி தடித்தது வரும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தால் கை எந்தத் திசையில் போனது, எங்கே ஓய்ந்தது என்று தெரிந்துவிடும். அச்சடித்த நகலில் இது இருக்காது. மக்கின்டி நாப்பனங்காவின் படம் கண்ணில் பட்டால் புள்ளியைத் தேடாதீர்கள். மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக நடுங்கும் கோடுகள் அருகருகே ஓடும். அவை சடங்கில் பெண்கள் இடுப்பில் அணியும், முடியைத் திரித்துச் செய்த கயிறுகள். பிந்துபி ஆண்கள் வரையும் திங்காரிப் படங்களில் சதுரமும் வட்டமும் கோடும் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒரு நிமிடம் பார்த்தாலே மேற்பரப்பு அசையத் தொடங்கும். உட்டோப்பியாவின் எமிலி காமே குங்வாரே எழுபதுகளின் பிற்பகுதி வயதில் கேன்வாஸைத் தொட்டு, 1996-இல் இறக்கும்வரை இடைவிடாமல் வரைந்தவர். 1995-இல் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு மட்டும் போட்டு, சுமார் 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிழங்குக் கொடியை ஓடவிட்டார். அது மெல்பர்னில் இருக்கிறது. மண்ணுக்கடியில் கிழங்கு பருக்கும்போது தரை வெடித்துக் கோடு விழும் அல்லவா, அதுவேதான்.

இரண்டு நாள் இருந்தால், முதல் நாள் காலை அரலூயன் கலை மையத்துக்குப் போங்கள். அங்கே அவசரமில்லாமல் கண்ணைப் பழக்கலாம். நமட்ஜிராவின் நீர்வண்ணங்களையும் தவறவிடாதீர்கள். செப்டம்பரில் போகிறீர்கள் என்றால் டெசர்ட் மாப் என்ற ஆண்டுக் கண்காட்சி அங்கேதான். மத்திய பாலைவனத்துக் கலை மையங்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் படைப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மாலையில் டாட் மால் கடைவீதிக்கு நடந்து பாப்புன்யா துலாவின் சொந்த ஓவியக்கூடத்தைப் பாருங்கள். மறுநாள் மற்ற கூடங்கள். வாரக்கடைசியில் பல இடங்கள் அரைநாளோ முழுநாளோ மூடியிருக்கும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வாசலில், இறந்தவர்களின் பெயரும் படமும் இருக்கலாம் என்று எச்சரிக்கை பார்ப்பீர்கள். இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்காமல் இருப்பது அங்கே மரியாதை; ஊழியர் ஒரு பெயரைத் தவிர்த்தால் நீங்களும் தவிர்த்துவிடுங்கள். கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம், வரைந்துகொண்டிருப்பவரை ஒருபோதும் வேண்டாம். யுவெண்டுமு போன்ற ஊருக்கே போக நினைத்தால், கலை மையத்துக்கு முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லுங்கள். பூர்வகுடி நிலத்தின் வழியே போகும் சில சாலைகளுக்கு மத்திய நில மன்றத்தின் அனுமதி வேண்டும்.

வாங்குவது பற்றி. பாதுகாப்பான வழி, ஓவியர்களே நடத்தும் கலை மையத்திலிருந்தோ அதனிடமிருந்து நேராக எடுத்து விற்கும் கூடத்திலிருந்தோ வாங்குவது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் பதிவு எண் இருக்கும்; சான்றிதழில் ஓவியர் பெயர், தலைப்பு, கதை, அளவு, பொருள், ஆண்டு எல்லாம் இருக்கும். சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். கலை மையம் வழங்கியதற்கும், கடைக்காரரே அச்சடித்துக் கொடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஓவியர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் மட்டுமே அத்தாட்சி ஆகாது. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த முதியவர்களை அறையில் உட்காரவைத்து, பழைய காரையோ சில நூறு டாலரையோ கொடுத்து அவசர அவசரமாக வரையவைத்த வியாபாரிகள் உண்டு. 2007-இல் ஆஸ்திரேலிய செனட் இதை விசாரித்து அறிக்கையே வெளியிட்டது. அப்படி வந்த படத்திலும் கை ஓவியருடையதுதான், புகைப்படமும் இருக்கும். நியாயம் மட்டும் இருக்காது. அதனால், ‘இது உங்களிடம் எப்படி வந்தது? ஓவியருக்கு எவ்வளவு போகும்?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கலை மையங்களில் விலையில் பாதி அளவு ஓவியருக்குப் போவது வழக்கம். நேர்மையான கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார். பூர்வகுடிக் கலையை நியாயமாக விற்பதற்கான நடத்தை விதியான இன்டிஜினஸ் ஆர்ட் கோடில் கையெழுத்திட்ட கடை என்றால் நல்லது, ஆனால் அது விருப்பத்தின் பேரில் சேர்வது. மேலே சொன்ன கேள்வியைக் கேட்காமல் விட அது காரணமாகாது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கூட உட்கார்ந்து புள்ளி வைத்துக் கொடுப்பதைப் போலி என்று எண்ண வேண்டாம். உரிமையுள்ள குடும்பத்துக்குள் அது நடக்கும். அதைச் சான்றிதழ் ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் விஷயம்.

நினைவுப்பொருள் கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். புள்ளி வைத்த பூமராங், தட்டு, சாவிக்கொத்து ஆகியவற்றில் விற்பனையாவதில் பாதிக்கு மேல் பூர்வகுடிகளின் கையே படாதது என்று ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் கண்டது. இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இன்னொரு அடையாளம்: ‘பாலைவன டிஜெரிடூ’ என்று நீண்ட மரக் குழல் இசைக்கருவியை யாராவது நீட்டினால், அது வட ஆஸ்திரேலியாவின் கருவி, பாலைவனத்துக்குச் சொந்தமில்லை.

விலை அளவைப் பொறுத்தும் ஓவியரைப் பொறுத்தும் சில நூறு டாலரிலிருந்து பல்லாயிரம்வரை போகும். முதலீடாக வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முன்னே சொன்ன ‘வார்லுகுலோங்’ முதலில் 1200 டாலருக்கு விற்று, 2007 ஏலத்தில் 24 லட்சம் டாலருக்குப் போனது. வரைந்தவர் குடும்பத்துக்கு அந்தத் தொகையில் சட்டப்படி ஒரு காசு உரிமையும் இல்லை. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது: 2010 ஜூன் முதல், 1000 டாலர் அல்லது அதற்கு மேல் நடக்கும் மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கோ வாரிசுக்கோ போக வேண்டும். இந்தப் பணம் ஊரில் என்ன செய்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2000-இல் மேற்குப் பாலைவனத்து ஊர்களான கின்டோர், கிவிர்குராவின் ஓவியர்கள் சேர்ந்து வரைந்த பெரிய படங்களை சிட்னியில் ஏலம் விட்டு, மற்ற நன்கொடையோடு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். சிறுநீரகம் பழுதான முதியவர்கள் டயாலிசிஸுக்காக 500 கிலோமீட்டருக்கு அப்பால் நகரத்தில் கிடக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தப் பணத்தால் கின்டோரிலேயே டயாலிசிஸ் வந்தது. மனத்தை விட்டு அகலாத கணக்கு அது.

படம் உங்களுடையதானாலும் காப்புரிமை ஓவியருடையது. ஆஸ்திரேலியச் சட்டப்படி அவர் இறந்து 70 ஆண்டுவரை. வீட்டுச் சுவரில் மாட்டலாம். கல்யாணப் பத்திரிகையிலோ சட்டையிலோ அச்சடிக்கக் கூடாது. புதிதாக வரைந்த கேன்வாஸை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி தேவைப்படாது. பல பத்தாண்டுப் பழமையும் அதிக மதிப்பும் உள்ள படமென்றால் 1986-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும், விற்பவரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். புனிதப் பொருள் என்று எதையாவது யாராவது விற்க வந்தால் தொடவே வேண்டாம்.

கொண்டுவருவதற்கு, படத்தை மரச்சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டித் தரச் சொல்லுங்கள். வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படிதான் சுருட்ட வேண்டும்; உள்பக்கமாகச் சுருட்டினால் அக்ரிலிக் ஒன்றோடொன்று நசுங்கி, புள்ளிகள் ஒட்டி உரியும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது, 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். வண்ணத்தின் மேல் அமிலமற்ற தாள், அதன்மேல்தான் பபுள் ராப். பபுள் ராப் நேராகப் பட்டால் வெயிலில் இளகிய அக்ரிலிக்கில் அதன் குமிழ்கள் பதிந்துவிடும், பிறகு போகாது. காரின் பின்பெட்டியில் மதியம் முழுக்க விட்டுவைப்பது பெரிய தவறு. விமானத்தில் கைப்பையோடு எடுத்துவர முடிந்தால் உத்தமம். சென்னை வந்ததும் குழாயிலேயே மாதக்கணக்கில் விடாமல், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் வெற்றுத் துணி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டால், கட்டுபவர் ஓரப் புள்ளிகளை மடக்கி மறைக்க வேண்டியிருக்காது. கடலோர ஈரத்துக்கு, சுவரைத் தொடாமல் விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள், காற்றோடினால் பூஞ்சை பிடிக்காது. நேர் வெயில் வேண்டாம். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். துணியின் பின்புறத்திலுள்ள பதிவு எண்ணைப் புதுச் சட்டம் மறைத்துவிடும், அதை முன்பே படம் எடுத்து, சான்றிதழின் நகலோடு ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னால் ஒட்டிவையுங்கள்.